ஓலைக் குடிசை இருந்த இடத்தில் கான்கிரீட் வீடு: ராமநாதபுரம் கடலோரக் குடும்பங்களுக்கு ஒரு வழிமுறை

எங்கள் சித்தி இருந்தது பனை ஓலைக் குடிசையில். ஐப்பசி வந்தால் கடற்காற்று கூரையைப் பிரித்துப் போட்டுவிடும். கிராமத்துக் குடிசைகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு கட்டத் தமிழக அரசு பணம் தரும் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் வீடு கேட்டு மனு கொடுத்தபோதுதான், பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலேயே கிடப்பது தெரிந்தது. அதைச் சரிசெய்யவே ஒரு வருஷம் ஓடிவிட்டது. உங்களுக்கு அந்த வருஷம் வீணாகக் கூடாது.

முதலில் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வாலிநோக்கம், தேவிபட்டினம் போன்ற ஊராட்சி என்றால் இந்தத் திட்டம் பொருந்தும். ராமேஸ்வரம், கீழக்கரை நகராட்சிகள். மண்டபம், தொண்டி பேரூராட்சிகள். அங்கே இருப்பவர்கள் பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டம் பற்றி அந்தந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும். டவுனை ஒட்டிய பகுதியில் இருப்பவர்கள் தெருவின் தோற்றத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், ரசீதில் உள்ளதுதான் கணக்கு.

அடுத்தது பட்டா. என்னைக் கேட்டால் பாதி வேலை இதில்தான் இருக்கிறது. இடம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பெரியவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று வாங்கி, இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். கூட்டுப் பட்டா என்றால் அண்ணன் தம்பிகளை உட்காரவைத்துப் பேசி, உங்கள் பங்கைத் தனியாகப் பிரித்து உட்பிரிவு செய்துகொள்ளுங்கள். ஆட்சேபகரமான புறம்போக்கில், அதாவது நீர்நிலை, பாதை போன்று பட்டா தர முடியாத அரசு நிலத்தில் உள்ள குடிசைக்கு இந்த வீடு கிடைக்காது. வேறு இடத்தில் மனைப்பட்டா கேட்டு தாசில்தாரிடம் தனி மனு கொடுக்க வேண்டும். கடலை ஒட்டிய மனை என்றால் கரையோரத்தில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் குறுக்கே வரும். அஸ்திவாரம் தோண்டும் முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.

பிறகு பட்டியல். உங்கள் குடிசை கணக்கெடுப்பில் இருக்கிறதா என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். பயனாளிகள் பட்டியல் கிராம சபையின் ஒப்புதலுக்கு வரும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் சபை கூடும். அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் நேரில் போய் உட்காருங்கள். பெயர் விட்டுப்போயிருந்தால் எழுந்து சொல்லுங்கள், மனுவும் கொடுங்கள்.

வேலை உத்தரவு கைக்கு வரும்வரை குடிசையைப் பிரிக்காதீர்கள். அவசரப்பட்டுப் பிரித்துவிட்டு, பிள்ளைகளோடு தார்ப்பாய்க்கு அடியில் மழைக்காலத்தைக் கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணம்: 2024-ல் திட்டம் தொடங்கியபோது ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். நூறு நாள் வேலைக் கூலியும் கழிப்பறைத் தொகையும் அதற்குள்ளேயே அடக்கம். வீடு குறைந்தது 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. வேலை எந்த மட்டத்துக்கு வந்திருக்கிறது என்று அளந்து, தவணை தவணையாக வங்கிக் கணக்கில் போடுவார்கள். அரசு வழியாக வாங்கும் சிமெண்ட், கம்பிக்கான விலையை அதில் கழித்துக்கொள்வார்கள். அதனால் முதல் தவணை வரும்வரை சமாளிக்கக் கையில் கொஞ்சம் காசு வேண்டும்.

கட்டும்போது நம் கரையில் உப்புதான் எதிரி. கடல் மணலைக் கலவையில் சேர்க்க விடாதீர்கள். கரிக்கிற போர் தண்ணீரில் கலவை போட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து, சில வருஷத்தில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழும். நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கியாவது கலவைக்கும் நனைப்புக்கும் ஊற்றுங்கள். கூரைத் தளம் போடும்போது, கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக்கைக் கம்பிக்கு அடியில் வைத்திருக்கிறார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள். கம்பி பலகையில் ஒட்டிக் கிடந்தால் கொத்தனாரை நிறுத்தச் சொல்லுங்கள். தை மாதம் வேலையைத் தொடங்கினால் புரட்டாசிக்குள் தளம் போட்டுவிடலாம். சித்தி வீட்டுக்கு ஆவணியில் தளம் போட்டோம், அந்த ஐப்பசி மழையில் அவர் உள்ளே படுத்துத் தூங்கினார்.