ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு மனச்சோர்வு மருந்து: முதல் வாரங்களைக் கடப்பது எப்படி?

ஃபைப்ரோமயால்ஜியா என்பது உடலெங்கும் நாள்பட்ட வலியும் சோர்வும் தரும் நோய். வலிக்குப் போன இடத்தில் மனச்சோர்வு மாத்திரை எழுதித் தந்தார்களே என்று மனம் நோக வேண்டாம். டுலாக்செடினும் அமிட்ரிப்டிலினும் நரம்புவழி வலியுணர்வைத் தணிப்பதற்காகவும் தரப்படுகின்றன.

டுலாக்செடினில் முதல் ஒன்றிரண்டு வாரங்கள் குமட்டல்தான் அதிகம் படுத்தும். வெறும் வயிற்றில் எடுக்காமல், நம் குமரி வீடுகளில் வைக்கும் பயறு கஞ்சியை இளஞ்சூட்டில் அரைக் கிண்ணமாவது குடித்துவிட்டு, கேப்சூலை உடைக்காமல் முழுதாக விழுங்குங்கள்.

அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், காலையிலும் கண்ணைச் செருக வைக்கும். குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு இது சிறிய தொல்லையன்று; வேலை நேரத்தைச் சொல்லி, இரவு மாத்திரையை முன்னதாகவே போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கக் கலக்கம் தெளியும்வரை வெட்டுக்கத்தியும் வேண்டாம், பைக்கும் வேண்டாம்.

சோர்வு நோயினால் வந்ததா, மருந்தினால் வந்ததா என்று பிரித்தறிவது உண்மையிலேயே கடினம். ஆகவே மருந்து தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே, கிழிக்கும் நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் வலி, தூக்கம், வயிறு ஆகியவற்றை ஒவ்வொரு வரியாகக் குறித்துவைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

டிரமடால் என்ற வலி மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். அதுவும் இந்த மனச்சோர்வு மருந்தும் சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், படபடப்பு, குழப்பம் வரக்கூடும், அப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால் வீட்டாரிடம் சொல்லி, அந்நேரமே 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு படுத்தினாலும் மருந்தை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.