டயப்பரில் மிச்சம், வாடகையில் ஓட்டை: சென்னையில் பிள்ளை வளர்க்கும் கணக்கில் எங்கே தவறுகிறோம்?

முதல் குழந்தைக்குக் காத்திருக்கும் வீடுகளில் போடும் கணக்கு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். டயப்பர் இவ்வளவு, பால் பவுடர் இவ்வளவு, தடுப்பூசி, துணிமணி, பொம்மை. மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் என்று ஒரு தொகை வரும். சம்பளத்தில் அது அடங்கிவிடும். நோட்டை மூடிவிடுவார்கள்.

டயப்பருக்கு மாதம் 3,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டரை வருடத்தில் 90,000 ரூபாய், அதோடு அந்தச் செலவு நின்றுவிடும். உண்மையில் பணம் கரைவது வேறு மூன்று இடங்களில்: எந்த ஏரியாவில் குடியிருக்கிறோம், இரண்டு சம்பளத்தில் ஒன்று நின்றுபோகிறதா, எல்.கே.ஜி.க்கு எந்தப் பள்ளி. இந்த மூன்றும் பிள்ளைக்கு நாலு வயது ஆவதற்குள் முடிவாகிவிடுகின்றன, அதுவும் பாதி நேரம் கணக்கே போடாமல். கீழே வரும் வீட்டுக் கணக்குகளில் உள்ள தொகைகள் உதாரணத்துக்குத்தான்; உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

சி.டி.சி.யை வருமானம் என்று நினைப்பது

ஆஃபர் லெட்டரில் சி.டி.சி., அதாவது நமக்காகக் கம்பெனி வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு, 12 லட்சம் என்றால் மாதம் ஒரு லட்சம் கைக்கு வராது. கம்பெனி போடும் பி.எஃப்., கிராஜுவிட்டி, குரூப் இன்ஷூரன்ஸ் பிரீமியம், வேரியபிள் பே எல்லாம் அந்த 12 லட்சத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. வேரியபிள் மட்டும் 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 1.2 லட்சம், அது வருவதும் குறைவதும் கம்பெனியின் கையில். வாடகை, இ.எம்.ஐ., ஸ்கூல் ஃபீஸ், வேன், டே கேர் ஆகிய ஐந்தும் மாதாமாதம் நிச்சயமாகக் கைக்கு வரும் தொகைக்குள் அடங்க வேண்டும். வேரியபிளை நம்பி ஃபீஸ் கட்டத் திட்டமிட்ட வீட்டில், போனஸ் இல்லாத வருடம் கிரெடிட் கார்டு வருடமாக மாறும்.

ஒத்திகை பார்ப்பது சுலபம். பிரசவத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே டே கேர் கட்டணத்தையும் கூடுதல் வாடகையையும் சேர்த்து மாதம் 20,000 என்று வைத்து, சம்பளம் வந்த அன்றே வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மூன்றாம் மாதமே அதிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் கணக்கு உதைக்கிறது என்று அர்த்தம். ஒத்திகை ஓடிவிட்டால் கையில் 1.2 லட்சம் இருக்கும், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகும்.

டே கேர் செலவை மனைவியின் சம்பளத்தில் மட்டும் கழிப்பது

விலை அதிகமான தவறு இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கணவருக்குக் கையில் 70,000, மனைவிக்கு 45,000. டே கேர் 12,000, அவருடைய போக்குவரத்து 4,000, சமையலுக்கு ஆள் 5,000, அவசரத்துக்கு வெளிச்சாப்பாடு 3,000. மொத்தம் 24,000. "45-இல் 24 போனால் மிச்சம் 21. இந்த 21-க்காகவா பிள்ளையை விட்டுட்டுப் போகணும்?" என்று யாராவது கேட்பார்கள். ராஜினாமா கடிதம் தயாராகிவிடும்.

முதல் கோளாறு, டே கேர் என்பது அம்மாவின் செலவு அல்ல, வீட்டின் செலவு. 1,15,000-இல் 24,000 போனால் மிச்சம் 91,000. வேலையை விட்டால் மிச்சம் 70,000. வித்தியாசம் அதே 21,000தான், ஆனால் அதை "அவள் சம்பளத்தில் மிச்சம்" என்று பார்க்கும்போது அற்பமாகத் தெரிகிறது. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத பணம். அடிப்படைச் சம்பளம் 22,000 என்றால் பி.எஃப். அவர் பங்கு 2,640, கம்பெனி பங்கு 2,640. மாதம் 5,280 ரூபாய் நின்றுவிடும். அவருடைய குரூப் இன்ஷூரன்ஸில் பெற்றோர் இருந்தால் அவர்களும் வெளியே. மூன்றாவதுதான் பெரிய அடி. வருடம் 8 சதவீத உயர்வு என்று வைத்தால் அந்த 45,000 நான்கு வருடத்தில் சுமார் 61,000 ஆகியிருக்கும். நான்கு வருட இடைவெளிக்குப் பிறகு திரும்புபவருக்குப் பழைய 45,000 கிடைத்தாலே அதிர்ஷ்டம். மாதம் 16,000 வித்தியாசம், வருடத்துக்கு ஏறக்குறைய 1.9 லட்சம், அது அதன்பின் எல்லா வருடமும் தொடரும். டே கேர் ஃபீஸோ பிள்ளை பள்ளிக்குப் போனதும் பாதியாகக் குறைந்துவிடும்.

வேலையை விடுவதே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. கையில் 18,000 வாங்கிக்கொண்டு தினம் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகிறவருக்குக் கணக்கு வேறு விதமாக வரலாம். பிள்ளையோடு இருக்க வேண்டும் என்பதே காரணம் என்றால் அதற்குக் கணக்கே தேவையில்லை. கணக்குதான் காரணம் என்றால், ஒரு மாதத்துக்குப் போடாமல் பத்து வருடத்துக்குப் போடுங்கள். இருவரில் விடுவது ஏன் எப்போதும் ஒருவராகவே இருக்கிறார் என்பதையும் அந்த நோட்டிலேயே எழுதிப் பார்க்கலாம்.

இதில் சட்டம் தரும் பிடிமானத்தைப் பலர் பயன்படுத்துவதில்லை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தம், உயிரோடு இருக்கும் பிள்ளைகள் இரண்டுக்கும் குறைவாக இருந்தால் 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம்தான். ஆனால் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் "நல்ல ஹைக்" என்று கம்பெனி மாறுபவர்கள் இந்த 80 நாளில்தான் மாட்டுகிறார்கள். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பதும் அதே தொகுப்பில் இருக்கிறது. ஹெச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் பதிலும் வாய்வார்த்தையாகவே போய்விடும்.

"ஊரிலிருந்து அம்மா வந்துடுவாங்க" என்பதும் இலவசம் அல்ல. ஒரு பெட்ரூம் கூடுதலாக வேண்டும், அவருடைய மருந்து, ஊருக்குப் போய்வரும் செலவு, அவருக்கு முட்டிவலி வந்தால் மாற்று ஏற்பாடு. மூன்று வருடத்துக்கு அவரே பார்த்துக்கொள்வார் என்று எழுதிவைக்கும் முன் அவரைக் கேட்டீர்களா?

வீட்டை முதலில் பிடித்து, பள்ளியைப் பிறகு தேடுவது

வேளச்சேரியில் 28,000 வாடகை, மேடவாக்கத்தில் 18,000. பத்தாயிரம் மிச்சம் என்று தள்ளிப் போகிறோம். ஆபீஸ் சோழிங்கநல்லூர் பக்கம், பள்ளி வேறு பக்கம் என்றால் அந்தப் பத்தாயிரம் எங்கே போகிறது பாருங்கள். வேன் 3,000, இரண்டாவது வண்டிக்குத் தவணையும் பெட்ரோலும் 5,000, டிராஃபிக்கில் சிக்கி டே கேருக்குத் தாமதமாகப் போவதற்குக் கூடுதல் கட்டணம் 1,500. மிச்சம் 500 ரூபாயும் தினம் ஒன்றரை மணி நேர அலைச்சலும். ஆபீஸும் பள்ளியும் அதே பக்கமாக இருந்தால் மேடவாக்கமே சரி. ஒப்பிட வேண்டியது வாடகையை மட்டும் அல்ல. வாடகை, வேன், பெட்ரோல் மூன்றின் கூட்டுத்தொகையை.

இன்னொரு விஷயம் 11 மாத ஒப்பந்தம். பிள்ளை யு.கே.ஜி. படிக்கும்போது வீட்டு ஓனர் "பையனுக்குக் கல்யாணம், காலி பண்ணுங்க" என்பார். அதே ஏரியாவில் வீடு கிடைக்காவிட்டால் வேன் ரூட் போய்விடும். பள்ளியை மாற்றினால் அட்மிஷன் செலவு மறுபடி. பள்ளிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வாடகை வீடு தாராளமாகக் கிடைக்கும் இடமா என்று பார்த்துச் சேர்ப்பது நல்லது. ஒரே ஒரு வீட்டை நம்பிச் சேர்க்கக் கூடாது.

அட்வான்ஸையும் செலவாகப் பாருங்கள். 25,000 வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் என்றால் 2.5 லட்சம் வட்டியில்லாமல் கிடக்கிறது. 7 சதவீத டெபாசிட்டில் இருந்தால் வருடம் 17,500 வந்திருக்கும். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், மூன்று மாத வாடகையைத்தான் வரம்பாகச் சொல்கிறது. பேரம் பேசும்போது இதைச் சொல்லிப் பார்க்கலாம். ஓனர் சிரிப்பார், ஆனால் பத்து ஆறாகக் குறையும் வாய்ப்பு உண்டு.

எல்.கே.ஜி. கட்டணத்தைப் பார்த்துப் பள்ளியைத் தீர்மானிப்பது

எல்.கே.ஜி.க்கு வருடம் ஒரு லட்சம், "சமாளிச்சுடலாம்" என்று சேர்க்கிறோம். வருடம் 10 சதவீதம் ஏறினால் பிளஸ் டூ வருடத்தில் அது 3.45 லட்சம். பதினான்கு வருடத்துக்குக் கூட்டினால் ஏறக்குறைய 28 லட்சம், ஒரு பிள்ளைக்கு. டியூஷன், வேன், நீட் அல்லது ஜே.இ.இ. கோச்சிங் இதில் சேரவில்லை. உங்கள் சம்பளமும் வருடம் 10 சதவீதம் ஏறுமா என்பதுதான் கேள்வி.

அட்மிஷனுக்குப் போகும்போது எல்.கே.ஜி. கட்டணத்தோடு நிறுத்தாமல் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளின் இந்த வருடக் கட்டணத்தையும் கேளுங்கள். படிக்கட்டு எங்கே செங்குத்தாகிறது என்று தெரிந்துவிடும். தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நிர்ணயிக்க ஒரு குழுவும் இருக்கிறது. அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை என்ன என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் நன்கொடையையும் சேர்க்கைத் தேர்வையும் தடை செய்கிறது. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தலைப்பு வாரியாக ரசீது வாங்குங்கள்.

நடுத்தர வீடுகளில் பேச்சிலேயே வராத ஒரு வழியும் உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ, பொறியியல் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய், பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தால் இந்த 7.5 கிடையாது. ஐந்தாம் வகுப்பு வரை தனியாரில் படித்தாலும் பரவாயில்லை, ஆறாம் வகுப்பில் முடிவெடுக்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை. பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியை ஒரு முறை உள்ளே போய்ப் பார்க்காமலே ஒதுக்குவதுதான் தவறு.

மே மாத முட்டல்

டேர்ம் ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம், ஷூ, வேன் அட்வான்ஸ் எல்லாம் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் வந்து விழும். வருடச் செலவு 1.5 லட்சம் என்றால் மாதம் 12,500 ரூபாய்க்கு ஜூனிலேயே ஓர் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) தொடங்கிவிட வேண்டும். இல்லாதவர்கள் கார்டில் கட்டி மினிமம் டியூ மட்டும் செலுத்துகிறார்கள். மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. அல்லது நகையை அடகு வைத்து, வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கிறார்கள். நகைச்சீட்டு இதற்கு உதவாது. அதில் நகைதான் கிடைக்கும், அதிலும் செய்கூலி சேதாரம் போகும்.

வரி, சேமிப்பு, காப்பீடு

புதிய வரி முறையில் இருப்பவருக்கு டியூஷன் ஃபீஸ் ரசீதால் ஒரு பைசா பயனில்லை. 80சி என்று நாம் பழகிய கழிவு பழைய முறைக்குத்தான்; அதிலும் இரண்டு பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸ் மட்டும், நன்கொடையும் வேன் கட்டணமும் சேராது. 2025-26 நிதியாண்டில் சம்பளக்காரருக்குப் புதிய முறையில் 12.75 லட்சம் வரை வரியே இல்லை. அப்படியிருக்க, மார்ச் மாதம் "டாக்ஸ் சேவிங்" என்று குழந்தை பெயரில் எண்டோமென்ட் பாலிசி (காப்பீடும் சேமிப்பும் கலந்தது) எடுப்பது எதற்கு? சம்பாதிப்பவர் உயிருக்குத்தான் காப்பீடு வேண்டும். வருட வருமானத்தைப் போல் 15 மடங்குக்கு டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தருவது) எடுத்து, எடுக்கும்போதே 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் என்று குறிப்பிட்டுவிட்டால், அந்தத் தொகை மனைவி மக்களுக்கே சேரும்; கடன்காரர்கள் கைவைக்க முடியாது. பிறகு சேர்க்க இயலாது என்பதால் விண்ணப்பத்திலேயே கவனியுங்கள்.

ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், வேலை போகும் அன்று அதுவும் போகும். தனியாக எடுக்கும் பாலிசிகளில் மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, பலவற்றில் இரண்டு வருடத்துக்கும் மேல். கர்ப்பம் உறுதியான பிறகு எடுப்பதில் அந்தப் பிரசவத்துக்குப் பலன் கிடைக்காது. பிறந்த குழந்தையின் பெயரை ஆபீஸ் பாலிசியில் சேர்க்கக் கெடு எத்தனை நாள் என்று முன்பே கேட்டு வையுங்கள். தடுப்பூசியில் பி.சி.ஜி., பென்டாவேலன்ட், ரோட்டா, நிமோகாக்கல், எம்.ஆர். எல்லாம் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஃப்ளூ, சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ மாதிரி அட்டவணையில் இல்லாதவற்றுக்கு மட்டும் தனியாரிடம் போனால் போதும்.

பெண் குழந்தைக்குச் செல்வமகள் கணக்கு நல்லதுதான், ஆனால் காலெண்டரைப் பார்க்காமல் தொடங்குகிறார்கள். பத்து வயதுக்குள் தொடங்கலாம், வருடம் 250 முதல் 1.5 லட்சம் வரை 15 வருடம் கட்ட வேண்டும், முதிர்வது தொடங்கிய நாளிலிருந்து 21 வருடத்தில். ஒன்பது வயதில் தொடங்கினால் முழுப் பணம் கைக்கு வரும்போது மகளுக்கு முப்பது. கல்லூரிக்கு, 18 வயது ஆன பிறகோ பத்தாம் வகுப்பு தேறிய பிறகோ, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரைதான் எடுக்க முடியும். மீதிப் பாதிக்கு வேறு சேமிப்பு வேண்டும். வட்டியை மாதத்தின் 5-ஆம் தேதிக்குப் பிறகு இருக்கும் மிகக் குறைந்த இருப்புக்குத்தான் கணக்கிடுகிறார்கள். 6-ஆம் தேதி கட்டினால் அந்த மாத வட்டி போச்சு. மொத்தமாகக் கட்டுபவர்கள் ஏப்ரல் 5-க்குள் கட்டிவிடுங்கள்.