எ (a), ஆன் (an): எது, எங்கே?
தமிழில் 'அவர் டாக்டர்' என்றாலே போதும். ஆங்கிலத்தில் 'ஹி இஸ் டாக்டர்' என்றால் ஒன்று குறைகிறது, தொழிலைச் சொல்லும்போது 'ஹி இஸ் எ டாக்டர்' என்று எ கட்டாயம் வேண்டும். நம்மில் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம் இது.

சரி, எ-வா, ஆன்-ஆ? எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் ஆன். யூனிவர்சிட்டி 'யு' எழுத்தில் தொடங்கினாலும் காதில் விழுவது 'ய்', அதனால் 'எ யூனிவர்சிட்டி'. ஆனஸ்ட் என்பதில் முன்னால் நிற்கும் எச் ஒலிப்பதே இல்லை, அதனால் 'ஆன் ஆனஸ்ட் மேன்'. 'எ மெம்பர்' சரி, அதே எழுத்தில் தொடங்கும் எம்.எல்.ஏ.வுக்கு ஆன். பார்க்க வேண்டியது ஒட்டி வரும் சொல்லைத்தான்: 'ஆன் அம்ப்ரெல்லா', ஆனால் 'எ பிளாக் அம்ப்ரெல்லா'.

அப்புறம் வரிசை. 'எ வெரி குட் ஐடியா' என்று எ முதலில் நிற்கும், ஆனால் சச், வாட், ஹாஃப் எல்லாம் அதை முந்திக்கொள்ளும்: 'சச் எ குட் ஐடியா', 'வாட் எ கேட்ச்'. 'அளவுக்கு மீறி' என்ற பொருளில் 'டூ' (too) வந்தால் பண்பைச் சொல்லும் சொல்லும் சேர்ந்து முன்னால் போய்விடும், 'டூ பிக் எ ரிஸ்க்'.

அட்வைஸ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன் மூன்றுக்கும் எ, ஆன் ஒட்டாது. வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று சொல்லலாம்.