திறமூலப் பங்களிப்புக்கு அலுவலக நேரம் கேட்பது எப்படி?

நிரலை எவரும் பார்த்து, மாற்றி, பயன்படுத்த இடமளிக்கும் திறமூல மென்பொருளுக்குப் பங்களிக்க அலுவலக நேரம் கேட்பவர்கள் பெரும்பாலும் மணிக்கணக்கிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள். சிங்கப்பூரில் முதலில் கேட்க வேண்டியது நிரலை வெளியிடும் அனுமதியை. ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதும் நிரலின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாதவரை, 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி முதலாளிக்கே உரியது. ஆகவே மேலாளர் மனமுவந்து வெள்ளிக்கிழமைப் பிற்பகலை விட்டுக்கொடுத்தாலும், அப்போது எழுதியதை வெளியே அனுப்பும் அதிகாரம் உங்களுக்குத் தானாக வந்துவிடாது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குத் திருத்தம் அனுப்புபவர், அதை அளிக்கத் தமக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொரு முறையும் தம் பெயரிலேயே உறுதிகூற வேண்டும்; பல திறமூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையோ நிறுவனங்கள் கையெழுத்திடுவதற்கென்றே தனி உரிம ஒப்பந்தம் வைத்திருக்கிறது. சட்டப் பிரிவின் எழுத்துபூர்வ இசைவு இல்லாமல் இவற்றில் கையெழுத்திடுவது விவேகமன்று.

இங்குள்ள பல அலுவலகங்கள் வட்டாரக் கிளைகளே என்பதால், முடிவெடுப்பவர் வேறு நாட்டில் இருக்கக்கூடும். தாய் நிறுவனத்துக்குத் திறமூலக் கொள்கை ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் புதிய சலுகை எதையும் கேட்க வேண்டாம். உள்ள கொள்கையைச் சிங்கப்பூர்க் கிளைக்கும் நடைமுறைப்படுத்தும்படி கேட்டாலே போதும்.

மேலாளரிடம் போகுமுன், உங்கள் குழு பயன்படுத்தும் திறமூலக் கூறுகளில் எவற்றைத் திருத்தி உள்ளுக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள் என்று பட்டியலிடுங்கள். உங்கள் வாதத்தின் உயிர் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அந்தக் கூறுகளை உருவாக்கிப் பராமரிக்கும் மூலத் திட்டம் புதிய பதிப்பை வெளியிடும்போதெல்லாம் அந்தத் திருத்தங்களை மறுபடி பொருத்தி, முரண்பாடுகளைத் தீர்த்து, சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதே திருத்தம் மூலத் திட்டத்திலேயே சேர்ந்துவிட்டால் அந்த உழைப்பின் பெரும்பகுதி மிச்சமாகும். கடந்த ஓராண்டு வேலைப் பதிவுகளைப் புரட்டி, இதற்குச் செலவான மணிநேரத்தை சிங்கப்பூர் வெள்ளிக் கணக்கில் காட்டுங்கள். சமூகத்துக்குக் கைம்மாறு செய்ய வேண்டும் என்பது உண்மையான காரணமே ஆயினும், வரவுசெலவுக் கூட்டத்தில் அது நெடுநேரம் தாக்குப்பிடிப்பதில்லை.

பாதுகாப்பைப் பற்றியும் பேசலாம், அளவோடு. 2021 டிசம்பரில் பல ஜாவா மென்பொருள்கள் நிகழ்வுகளைப் பதிவுசெய்யப் பயன்படுத்தும் லாக்4ஜே நிரல் நூலகத்தில் பாதுகாப்புக் குறைபாடு இருப்பது வெளியானபோது, தங்கள் கணினிகளில் அது எங்கெங்கே இருக்கிறது என்றே தெரியாமல் பல நிறுவனங்கள் தேடித் திணறின. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் ஒளித்துவைக்கப்பட்டிருந்த பின்கதவை, அதாவது கள்ளத்தனமாக உள்ளே நுழையும் வழியைக் கண்டுபிடித்தவர், உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஒரு பொறியாளர். 'உன் இரண்டு மணி நேரம் இதையெல்லாம் தடுக்குமா?' என்று மேலாளர் கேட்டால், தடுக்காது என்றே சொல்லுங்கள். ஆனால் அந்த நிரலை அறிந்தவர் ஒருவர் குழுவில் இருந்தால், அடுத்த முறை எங்கே பார்ப்பது என்று தேடும் நேரம் குறையும்.

இவ்வூரில் அரசாங்க அமைப்பு ஒன்று முன்னரே செய்திருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பு உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தயங்க வேண்டாம். கொவிட்-19 தொடர்புகளைக் கண்டறிய உதவிய டிரேஸ்டுகெதர் செயலியின் அடிப்படையான நிரலை ஓப்பன்டிரேஸ் என்ற பெயரில் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக் 2020 ஏப்ரலில் திறமூலமாக வெளியிட்டது. அரசாங்கப் படிவங்களுக்கான ஃபார்ம்எஸ்ஜியின் நிரலும் பொதுவில் இருக்கிறது.

போட்டியாளர் பயனடைவார் என்ற அச்சத்துக்கு எல்லை வகுப்பதே பதில். பொதுப் பயன்பாட்டுத் திருத்தங்கள் மட்டுமே வெளியே போகும், வணிக விதிகளும் வாடிக்கையாளர் தரவும் சோதனைக் கோப்புகளில்கூட இடம்பெறா, அனுப்புமுன் சக ஊழியர் ஒருவர் சரிபார்ப்பார் என்று ஒரு பக்க முன்மொழிவில் எழுதிக்கொடுங்கள். ஒரே ஒரு திட்டம், மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்பது தொடக்கத்துக்குப் போதும். வங்கிகளில் ஆண்டிறுதியில் கணினி மாற்றங்களை நிறுத்திவைக்கும் வாரங்கள் இதைக் கேட்பதற்கு ஏற்ற காலம்.

அனுமதி கிடைத்ததும் அதை அவ்வாண்டின் பணி இலக்குகளில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காவிட்டால் முதல் அவசர வேலையிலேயே அந்த நேரம் காணாமல் போகும். குறிப்பிட்ட முதலாளியிடம் மட்டுமே வேலை செய்ய இடமளிக்கும் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வெளிநாட்டு ஊழியர் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு, இது அலுவலகப் பணியே என்று எழுத்தில் இருப்பது கூடுதல் நிம்மதி. எந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்புவது என்பதையும் அப்போதே முடிவுசெய்துவிடுங்கள்.

இத்தனை திருத்தங்கள் ஏற்கப்படும் என்று மட்டும் முன்மொழிவில் வாக்களிக்காதீர்கள். ஏற்பதும் மறுப்பதும் மூலத் திட்டத்தின் பராமரிப்பாளர்கள் கையில் இருக்கிறது, அதற்கு மாதக்கணக்கிலும் ஆகலாம். எத்தனை திருத்தங்களை அனுப்புவீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.