ஓட்டு ஒரு கணக்கு, சீட்டு வேறு கணக்கு

"நாங்கள்தான் மக்கள், மற்றவர்கள் எல்லாம் பெரிய இடத்து ஆள்கள்" என்று முழங்கும் கட்சி எப்படி வளர்கிறது? சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப்புற ஊரில் நாலு பேர் கூடினால் நோட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் இரண்டு பத்தி போடுங்கள்: ஓட்டு விழுக்காடு, சீட்டு. 2013 மலேசியப் பொதுத் தேர்தலில் ஆளுங்கூட்டணியான பாரிசான் வாங்கியது 47.38 விழுக்காடு, கிடைத்தது 133 இடம். எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் 50.87 விழுக்காடு வாங்கியும் 89தான். தொகுதிகளின் அளவும் சமமில்லை. 2022இல் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் 303,430 வாக்காளர், சரவாக்கின் ஈகான் தொகுதியில் 28,290. இரண்டுக்கும் ஆளுக்கொரு எம்.பி.

அடுத்து, ஓட்டு எங்கே குவிந்திருக்கிறது என்று பாருங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். பிரிட்டனில் 2015இல், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகச் சொன்ன யூகிப் கட்சி 12.6 விழுக்காடு வாங்கி ஒரே இடம் பெற்றது, ஓட்டு நாடு முழுக்கச் சிதறிக் கிடந்ததால். அதே அளவு ஓட்டு சில வட்டாரங்களில் குவிந்திருந்தால் கதையே வேறு. பெஸ்தாரி ஜெயா அடங்கிய கோல சிலாங்கூர் தொகுதியில் 2022இல் பலமுனைப் போட்டி. 1,002 ஓட்டு வித்தியாசத்தில் முடிவானது. எதிரணி ஓட்டு பிரிந்தால் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய ஓட்டே போதும்.

இப்போது முறையை மாற்றி, ஓட்டு அளவுக்கேற்ப இடம் தரும் விகிதாசார முறையில் பாருங்கள். மூன்று கட்சிக்கு 45, 33, 22 ஓட்டு, ஐந்து இடம். ஒவ்வொன்றையும் 1, 2, 3ஆல் வகுத்து, வருவதில் பெரிய ஐந்தை எடுங்கள்: 45, 33, 22.5, 22, 16.5. இடங்கள் 2, 2, 1. இந்த முறையில் சின்னக் கட்சியும் உள்ளே வந்துவிடும். பிரான்ஸின் தீவிர வலதுசாரிக் கட்சியான 'தேசிய முன்னணி' (நம் பாரிசான் அல்ல) 1986இல் அப்படித்தான் 35 இடம் பிடித்தது. 1988 தேர்தல் பழைய இரு சுற்று முறையில் நடந்ததும் அது ஒன்றானது. ஆனால் தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயிக்கும் நம் முறை இப்படிப்பட்ட கட்சிகளுக்குத் தடுப்புச் சுவர் என்று நம்பிவிடாதீர்கள். வாசலைத் தாண்டிய கட்சிக்கு இதுவே வாரி வழங்கும்.

கடைசியாகப் பத்திரிகை. பதினான்கு நாள் முதல் பக்கத்தை எடுத்து ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்று குறி போடுங்கள்: பேசியது யார், யாருடைய விவகாரம், மறுப்பு தலைப்பிலேயே இருக்கிறதா. பெயரை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். ஒரு கட்சியைத் திட்டி எழுதிய செய்தியும் அந்தக் கட்சியின் விவகாரத்தையே பேசுபொருளாக்குகிறது. மறுப்பு நாலாம் பத்தியில் இருந்தால், தேத்தண்ணிக் கடையில் தலைப்பை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படவே படாது. வாட்ஸ்அப் குரல் பதிவுக்குத் தேதி இருக்காது. முதலில் வந்த நாளைக் குறித்துவையுங்கள்.

பிரச்சார நாள்களை மட்டும் எண்ணாதீர்கள். 2022இல் வேட்புமனு நவம்பர் 5, வாக்களிப்பு 19. அந்த இடைவெளியில் எல்லாக் கட்சிக்கும் பத்திரிகையில் இடம் கிடைக்கும். தேர்தல் இல்லாத இரண்டு வாரத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் யாருக்கு இலவச விளம்பரம் என்பது பிடிபடும்.