ஈகிள் விஷன்: பார்த்தும் கோட்டைவிடும் இடங்கள்

அசாசின்ஸ் கிரீட் வீடியோ கேம் வரிசையில் ஈகிள் விஷன் (எதிரி, நண்பர், இலக்கு ஆகியவற்றை நிறத்தால் பிரித்துக் காட்டும் கழுகுப் பார்வை) 2007-இல் வெளிவந்த முதல் பாகத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு பெயர் பெரும்பாலும் நிலைத்துவிட்டது. விதிகள்தான் பாகத்துக்குப் பாகம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒரு பாகத்தில் கைக்குப் பழகியதை அடுத்த பாகத்திலும் அப்படியே செய்யப் போய்த்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் பாகத்தில் நாயகன் அல்டைர் அசையாமல் நின்றால்தான் இது வேலை செய்யும். திரை அவன் கண்வழிப் பார்வைக்கு மாறும். கூடவே இன்னொரு நிபந்தனை: சிங்க் பட்டை (நாயகனின் உயிர்நிலையைக் காட்டுவது) முழுதாக நிரம்பியிருக்க வேண்டும். ஒரு கட்டம் குறைந்திருந்தாலும் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் பலன் இல்லை. கேமில் ஏதோ கோளாறு என்று நினைப்பவர்களும் உண்டு. சண்டை போட்டு அடிபட்ட கையோடு கூட்டத்துக்குள் இலக்கைத் தேடுவது இதனால்தான் வீண். முதலில் காவலர்களின் துரத்தலை உதறிவிட்டு, ஒதுக்குப்புறமாக நின்று பட்டை நிரம்பும்வரை பொறுங்கள். பொதுமக்களை வெட்டினாலும் சிங்க் குறையும். ஆக, கண்மூடித்தனமாகக் கத்தி வீசுபவருக்குக் கழுகுப் பார்வையும் கிடைக்காது. இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்த பாகத்தில் எடுத்துவிட்டார்கள்.

நிறங்களைத் தப்பாகப் படிப்பது எல்லாப் பாகத்துக்கும் பொதுவான பிழை. தொடக்கப் பாகங்களில் சிவப்பு என்றால் எதிரி, நீலம் என்றால் நம் பக்கம், வெள்ளை என்றால் ஒளியும் இடம் அல்லது தகவல் கிடைக்கும் இடம், தங்க நிறம் என்றால் இலக்கு. சிவப்பாகத் தெரிந்தவுடன் ‘என்னைப் பார்த்துவிட்டான்’ என்று பதறி ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தால்தான் காவலருக்குச் சந்தேகமே வருகிறது. ஒருவர் யார் என்பதைத்தான் நிறம் சொல்லும். அவர் இப்போது எவ்வளவு விழிப்பாக இருக்கிறார் என்பதைச் சொல்லாது. அதற்குத் தனிக் குறியீடு இருக்கிறது, அதைத்தான் கவனிக்க வேண்டும். நீலத்தையும் வெள்ளையையும் பலர் கண்டுகொள்வதே இல்லை. கத்தியை ஓங்கும் முன் தப்பிக்கும் வழியில் வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்து வைத்தால், பின்னால் ஓடும்போது கால் தானாக அங்கே போகும்.

இரண்டாம் பாகத்தில் (2009) எட்சியோ நடந்துகொண்டே பார்க்கலாம். இங்கே வேறொரு தவறு முளைக்கிறது: முழு நகரத்தையும் அந்த இருண்ட திரையிலேயே சுற்றுவது. சுவர்களில் மறைந்திருக்கும் 20 கிளிஃப்களை, அதாவது மறைகுறிகளைத் தேடுபவர்கள் இதில்தான் மணிக்கணக்கில் நேரத்தைத் தொலைக்கிறார்கள். கிளிஃப்கள் எல்லாச் சுவரிலும் இல்லை, பெயர்பெற்ற கட்டடங்களில் மட்டுமே இருக்கின்றன. அப்படி ஒரு கட்டடத்தை நெருங்கும்போது அதைப் பற்றிய தரவுக் குறிப்பு திறக்கும். அதில் கண் வடிவச் சின்னம் இருந்தால் மட்டும் ஈகிள் விஷனைப் போட்டால் போதும். தெருவிலிருந்து பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றால் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள், கூரைக்கும் ஏறிப் பாருங்கள். சரியான பக்கத்திலிருந்து பார்க்கும்வரை கண்ணில் படாத கிளிஃப்களும் உண்டு.

ரெவலேஷன்ஸில் (2011) இது ஈகிள் சென்ஸ் ஆகிறது. கூட்டத்தின்மேல் பார்வையை வேகமாக ஓட்டினால் இங்கே எதுவும் சிக்காது. சந்தேகப்படும் ஆளின்மேல் பார்வையை நிறுத்திச் சில நொடி பிடித்திருந்தால்தான் அவர் யார் என்று தெரியவரும். அவசரக்காரர்கள் சரியான ஆளையே தாண்டிப் போய்விடுவார்கள்.

பிளாக் ஃபிளாக்கில் (2013) டேக் செய்வதுதான், அதாவது ஆட்களைக் குறித்துவைப்பதுதான் உயிர்நாடி. உயரமான இடத்தில் நின்று, காவலர்மேல் பார்வையை நிறுத்தி ஒவ்வொருவராக டேக் செய்துவிட்டு, ஈகிள் விஷனை அணைத்துவிடுங்கள். டேக் ஆனவர் அதன் பிறகும் சுவருக்கு அப்பால் தெரிவார். அணைக்காமலே உள்ளே நுழைபவருக்கு நிலப்பரப்பின் இயல்பான நிறம் போய்விடுகிறது; பதுங்கும் புதர் எங்கே முடிகிறது என்பதுகூடச் சட்டென்று பிடிபடாது. இன்னொன்று: மணி அடித்து வரவழைக்கப்படும் புதிய காவலர்கள் டேக் ஆகியிருக்க மாட்டார்கள். பழைய கணக்கை நம்பி முன்னேறாதீர்கள்.

யூனிட்டியில் (2014) ஆர்னோவின் பார்வை சில நொடிகளே நிற்கும், திரும்பக் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே சும்மா போட்டுத் தீர்த்துவிட்டு உள்ளே போனால், தேவைப்படும் நொடியில் அது கைகொடுக்காது. கதவைத் திறக்கும் முன் ஒன்று, உள்ளே முதல் மறைவிடத்தில் ஒன்று எனப் பிரித்துப் பயன்படுத்துங்கள்.

அதே ஆண்டு வந்த ரோக், இந்தத் திறனை வரிசையிலேயே மிக அழகாகக் கையாண்ட பாகம். மறைந்திருக்கும் அசாசின்கள் நாயகன் ஷே மீது பாயக் காத்திருப்பார்கள். கிசுகிசுப்பு கேட்டதும் வேகமெடுத்து ஓடிக் கடக்க நினைப்பதுதான் தவறு. நில்லுங்கள். ஈகிள் விஷனைப் போட்டால் ஷேயைச் சுற்றி வட்டம் தோன்றும். ஆபத்து இருக்கும் திசையில் அது நிரம்பும். மெல்லத் திரும்பி, வட்டம் காட்டும் பக்கத்தில் வைக்கோல் குவியல், சுவர் மூலை, கூரை விளிம்பு என ஒவ்வொன்றாகப் பாருங்கள். பதுங்கியிருப்பவரை முதலில் நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் அவர் பாய்வதற்கு முன்பே முடித்துவிடலாம்.

ஆரிஜின்ஸில் (2017) பார்வை செனு என்ற கழுகுக்குப் போய்விடுகிறது. வியூபாயின்ட்களை (ஏறி நின்று சுற்றுப்புறத்தைப் பார்க்கும் உயரமான இடங்களை) விரைவுப் பயணத்துக்கு மட்டும் என்று நினைத்துத் தள்ளிப்போடுவது நஷ்டம். ஒவ்வொன்றும் செனுவின் கூர்மையைக் கூட்டும். ஒடிசி பாகத்தின் கழுகான இகாரோஸும் இதே வேலையைச் செய்வதால், வல்ஹாலாவுக்கு (2020) வருபவர்கள் சூனின் என்ற காகத்தை விட்டுக் காவலர்களை டேக் செய்யப் பார்க்கிறார்கள். அது நடக்காது. காகத்தை வைத்து இடங்களைக் குறிக்கலாம், ஆட்களைக் காண ஓடினின் பார்வையைத்தான் (அங்கே ஈகிள் விஷனுக்கு ஈடான திறன்) நாட வேண்டும். மிராஜில் (2023) என்கிடு என்ற கழுகை அனுப்பும் முன், குறிபார்த்து அடிக்கும் வில்லாளி அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். என்கிடுவை அவர் அம்பெய்து விரட்டிவிடுவார். தரைவழியாகப் போய் அவரை முதலில் தீர்த்துவிட்டு, பிறகு என்கிடுவை ஏவுங்கள். ஷேடோஸில் (2025) உளவுப் பறவையே கிடையாது. அதன் இரு முதன்மைப் பாத்திரங்களில் ஈகிள் விஷன் நாவோயேவுக்கு மட்டும்தான், யாசுகேவுக்கு இல்லை. தெரியாத கோட்டையை நோட்டமிட வேண்டுமென்றால், மதிலை நெருங்குவதற்கு முன்பே நாவோயேவுக்கு மாறிவிடுங்கள்.