உப்புக்காற்று ஊரில் ரேடியோ டெக்னீஷியன் பயிற்சி: நிபுணரை அழைப்பது எப்படி?

ராமேசுவரம் பக்கம் வந்தவர்கள் அந்தத் தூர்தர்ஷன் கோபுரத்தைப் பார்க்காமல் போயிருக்க முடியாது. 323 மீட்டர். நாட்டிலேயே உயரமான டி.வி. கோபுரம். பாம்பனில் மீனவர்களுக்கென்றே 2016 முதல் 90.4 மெகாஹெர்ட்ஸில் கடல் ஓசை வானொலி ஒலித்துவருகிறது. ஒலிபரப்பு இந்தக் கரைக்குப் புதிதில்லை. ஆனாலும் ஒரு சின்ன சமுதாய வானொலியில் டிரான்ஸ்மிட்டர் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்துவிட்டால், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இருக்காது. ஆளை வரவழைத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான செய்முறை இது, நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையில்.

படி 1: கோளாறு நோட்டு போடுங்கள்

பேச்சாளரைத் தேடுவதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் மூன்று வேளை, டிரான்ஸ்மிட்டர் காட்டும் வெளியேறும் பவரையும், ஆன்டெனாவில் ஏறாமல் திரும்பி வரும் பவரையும் அதில் எழுதுங்கள். பனியா, வெயிலா, எந்தக் காற்று என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஒரு மாதம் போதும்.

இது ஏன் என்றால், முதல் தடவை நான் நோட்டு இல்லாமல்தான் ஆளை அழைத்தேன். கடிதத்தில் 'நவீன ஒலிபரப்புத் தொழில்நுட்பம்' என்று எழுதியிருந்தேன். வந்தவரும் அதையே பேசினார். உலக ஒலிபரப்பு வரலாறு, டிஜிட்டல் ரேடியோ என்று திரை நிறையப் படங்கள். மதியம் கரண்ட் போனதோடு வகுப்பும் போனது. எங்கள் டிரான்ஸ்மிட்டர் மூடியை அன்று யாரும் திறக்கவில்லை. அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. கேட்டது நான்.

படி 2: பதவியைப் பார்க்காதீர்கள், கை பட்ட இடத்தைப் பாருங்கள்

சமுதாய வானொலிக்கு அனுமதி 100 வாட் கதிர்வீச்சுப் பவர், ஆன்டெனா உயரம் 30 மீட்டருக்குள். 200 கிலோவாட் மத்திய அலை நிலையத்தில் காலம் முழுக்க இருந்தவர் பெரிய மேதையாகவே இருக்கலாம். உங்கள் 50 வாட் பெட்டியை அவர் தொட்டே இருக்க மாட்டார். அதனால் போனில் ஒரே கேள்வி கேளுங்கள்: "சார், கடைசியாக எப்போது நீங்களே ஒரு கேபிள் கனெக்டர் கட்டினீர்கள்?"

ஓய்வுபெற்ற வானொலி, தூர்தர்ஷன் இன்ஜினியர்களிடம் முதலில் கேளுங்கள். ஒலிபரப்பு இன்ஜினியர்கள் சங்கமான பிராட்காஸ்ட் இன்ஜினியரிங் சொசைட்டி மூலமும் ஆள் பிடிக்கலாம். பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் கூப்பிட்டால் ஆசையாக வருவார்கள், சொந்த மீட்டரோடு. சென்னை அண்ணா எஃப்.எம். போல 2004 முதல் ஓடும் கல்லூரி வானொலிகளில் நம் அளவு டிரான்ஸ்மிட்டரோடு பழகியவர்கள் கிடைப்பார்கள்.

இன்னொருவர் உண்டு. யாரும் அவரை நிபுணர் என்று சொல்வதில்லை. துறைமுகத்தில் படகு வயர்லெஸ் பழுது பார்க்கிற அண்ணன். 156.8 மெகாஹெர்ட்ஸில் பேசும் செட்டை உப்புத் தண்ணீருக்கு நடுவில் உயிரோடு வைத்திருப்பவர். உப்பு விஷயத்தில் டெல்லியில் இருப்பவரைவிட இவருக்குத்தான் அதிகம் தெரியும். இன்ஜினியரையும் இவரையும் ஒரே நாளில் உட்காரவையுங்கள். எங்களுக்கு நடந்த நல்ல வகுப்பு அப்படி நடந்ததுதான்.

படி 3: கடிதத்தில் நோய்க்குறியை எழுதுங்கள்

இப்படி:

"ஐயா, வணக்கம். எங்களிடம் 50 வாட் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். காலை 6 மணிக்குத் திரும்பி வரும் பவர் 4 வாட். மதியம் 1 வாட். கடலிலிருந்து எங்கள் மாஸ்ட் (ஆன்டெனா கம்பம்) கூப்பிடு தூரம். கற்றுக்கொள்ள வருபவர்கள் 8 பேர். மீட்டர் பிடித்துப் பழகியவர்கள் 2 பேர். இதை நீங்கள் எங்களை வைத்தே கண்டுபிடித்துக் காட்ட வேண்டும்."

நோட்டின் நான்கு பக்கங்களைப் படமெடுத்துக் கூடவே அனுப்புங்கள். சன்மானம், பயணச்செலவு இரண்டையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டால் கடைசியில் இரண்டு பேருக்கும் சங்கடம்.

படி 4: தேதி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் தன்னார்வலர்கள் கரையில் இருப்பார்கள். அதிலும் ஏப்ரல் கடைசிக்குள் முடித்துவிடுவது நல்லது. அப்புறம் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, கிளம்பிவிட்டால் மாஸ்டில் ஏறுவது பேச்சுக்கே இடமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் இடியும். அப்போது வகுப்பு வேண்டாம்.

சென்னையிலிருந்து வருபவருக்கு ராத்திரி ரயில் போதும். காலையில் வந்தவுடன் வகுப்பு என்று இழுக்காதீர்கள். குளித்து, சாப்பிட்டு, பத்து மணிக்கு. மீன் சாப்பிடுவாரா என்று முன்பே கேட்டுவையுங்கள்.

படி 5: வகுப்பு நாள்

ஸ்லைடு வேண்டாம். மேசையில் இவை இருக்கட்டும்: பவர் மீட்டர், 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டிச் சோதிப்பது), ஸ்பேனர், பழைய கனெக்டர் நாலைந்து, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்.

முதல் விதியைப் பேச்சாளர் வாயாலேயே சொல்லவையுங்கள்: ஆன்டெனாவோ டம்மி லோடோ மாட்டாமல் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யக் கூடாது. மாஸ்டில் ஆள் ஏறும்போது மெயின் சுவிட்ச் ஆஃப். அதன் ஃபியூஸ் ஏறுகிறவர் சட்டைப்பையில்.

அப்புறம் கணக்கு. ஆன்டெனாவும் கேபிளும் டிரான்ஸ்மிட்டரோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எண் வி.எஸ்.டபிள்யூ.ஆர். அது 1.5 என்றால் அனுப்பிய பவரில் 4 சதவீதம் திரும்புகிறது. 2 என்றால் 11 சதவீதம். 3 ஆனால் கால்வாசி. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு உங்கள் நோட்டைப் பிரித்தால், புதிதாக வந்த பிள்ளைகூடக் காலை எண் சரியில்லை என்று சொல்லிவிடும்.

எங்கள் வகுப்பில் முதலில் டம்மி லோடு மாட்டிப் பார்த்தோம். திரும்பும் பவர் பூஜ்யம். ஆக, பெட்டி குற்றவாளி இல்லை. ஆன்டெனா அடியில் இருந்த கனெக்டரைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். வெளியே பளபளவென்றுதான் இருந்தது. வயர்லெஸ் அண்ணன் அதை மூக்கருகே கொண்டுபோய், "உள்ளே களிம்பு ஏறியிருக்கு" என்றார். திருகிப் பிரித்தால், செப்புக்குடம் விளக்காமல் கிடந்தது போலப் பச்சை. நடு ஊசியைச் சுற்றி ஈரம். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ராத்திரிப் பனியில் நனைந்து, மதிய வெயிலில் காயும். நோட்டில் ஏன் 4, ஏன் 1 என்பதற்கு விடை உள்ளங்கையில் கிடந்தது. இன்ஜினியர் ஐயா அதற்குப் பிறகுதான் சாக்பீஸை எடுத்தார்.

மதியம் எட்டுப் பேரும் ஆளுக்கொரு கனெக்டர் கட்டினார்கள். ரப்பர் டேப் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று. அதன்மேல் சாதா டேப். கேபிள் கட்டிடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவைத் தொங்கவிட்டால், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

படி 6: அவர் போன பிறகு

பேச்சை மட்டுமல்ல, கையையும் வீடியோ எடுத்துவையுங்கள். கழற்றிய அந்தக் கெட்டுப்போன கனெக்டரைத் தூக்கிப்போடாதீர்கள். அடுத்த வகுப்புக்குப் பாடம் அதுதான். எங்களுடையது ஸ்டூடியோ வாசலில் ஆணியில் தொங்குகிறது.

நோட்டைத் தொடருங்கள். மறுவாரம் காலை 6 மணி எண்ணைப் பேச்சாளருக்கு ஒரு வரியில் அனுப்பிவிடுங்கள். நாங்கள் அனுப்பியது அரை வாட். "மழைக்கு அப்புறம் மறுபடி பாருங்கள்" என்று பதில் வந்தது.